ஐயனார் காட்டுக் குச்சி

"இன்னாங்க இது?"

கனகாம்பாள் புது மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தட்டியபோது, சாண் நீளக் குச்சி ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

பச்சையப்பன் எட்டிப் பார்த்தார். "குச்சி."

"குச்சின்னு எனக்குத் தெரியாதா? எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறேன்."

முந்தின நாள்தான் இருவரும் ஐயனார் காட்டுச் சந்தைக்குப் போய்வந்திருந்தார்கள். ஏரிக்கரையை ஒட்டி நாவலும் இலுப்பையும் வெப்பாலையும் வானம் தெரியாமல் அடர்ந்த காடு அது. வருஷத்துக்கு ஒருமுறை அந்த நிழலில் மண்குதிரை, கோரைப்பாய், மரப்பொம்மை, கூடை, முறம் எல்லாம் கடை பரப்புவார்கள். சந்தையில் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். காட்டிலிருந்து மட்டும் ஒரு சருகைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. அது ஐயனார் சொத்து. கொண்டுபோன வீட்டில் நல்ல காரியம் தங்காது.

அந்த வீட்டிலோ நல்ல காரியம் வாசலில் நின்றது. மகள் ஜெயமணிக்கு வெள்ளிக்கிழமை புகுந்த ஊரான பூரணாங்குப்பத்தில் வளைகாப்பு. வளையலும் பலகாரமும் அடுக்கிக்கொண்டு போகத்தான் இந்தக் கூடைகள். அன்றைக்கே பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தங்கள் ஊர் ஏம்பலத்துக்கு அழைத்துவர வேண்டும்.

"மரத்தடியில உக்காந்தோமே, அப்ப விழுந்திருக்கும்" என்றாள் கனகாம்பாள். "இது இருக்கிற வூட்டுக்கு எம் பொண்ணைக் கூட்டியார மாட்டேன்."

"அடுப்புல போட்டுடு. தீந்துச்சு."

"ஐயனார் குச்சியையா? தொட்டுப் பாருங்க. எவ்ளோ வழவழன்னு இருக்கு! அவரே கையில வச்சிருந்த மாதிரி இல்ல?"

பச்சையப்பன் தொட்டுப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. குச்சியை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "கரும்புக்கு நாளைக்குத் தண்ணி கட்டிக்கலாம். எம் பேத்தியோ பேரனோ இந்த வூட்டுலதான் பொறக்கணும்."

ஏம்பலம் பிரெஞ்சுக்காரன் மண். காடும் பிரெஞ்சுக்காரன் மண்தான். ஆனால் நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ்காரன் மண் கிடந்தது. பிரெஞ்சு ஊர்களிலிருந்து சாராயமும் பட்டும் அந்த வழியாகக் கடத்தப்படாமல் இருக்க அங்கே ஒரு சுங்கச் சாவடி. அதன் காவலன் வீரப்பன், சந்தையிலிருந்து திரும்பியவர்களை ஒருவர் விடாமல் சோதனை போட்டவன்.

"மஞ்சத் துணியில இன்னா, பெரியவரே?"

"ஐயனார் பொருள். திருப்பிக் குடுக்கப் போறேன்."

நீட்டிய கையை வீரப்பன் சட்டென்று இழுத்துக்கொண்டான். "ஐயையோ, அவுக்காதீங்க! நானும் புள்ளகுட்டிக்காரன்." கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டான்.

காட்டில் மண்குதிரையின் காலடியில் குச்சியை வைத்துவிட்டு, பச்சையப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்டார். மனசு லேசாகி வீடு திரும்பினார்.

கனகாம்பாள் அவரை வாசலிலேயே மறித்தாள். "நில்லுங்க. வேட்டியைப் பாருங்க."

வேட்டி முழுக்க நாயுருவி விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு குச்சியைக் குடுத்துட்டு ஒரு கொல்லையையே கொண்டாந்திருக்கீங்க!"

"விழுந்து கும்பிட்டேன்டி. அதுல ஒட்டிக்கிச்சு."

"நின்னுகிட்டுக் கும்பிட்டா அவரு கோச்சுக்குவாரா?"

பொழுது சாயும்வரை இருவரும் உட்கார்ந்து விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செம்பில் போட்டார்கள். மறுநாள் பச்சையப்பன் செம்போடு கிளம்பினார்.

"மறுபடியுமா?" என்றான் வீரப்பன்.

"பாக்கி இருந்துச்சு."

இம்முறை அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கள்ளத்தனமாய் வந்தவர்போல் நுனிக்காலில் நடந்து, விதைகளைக் கொட்டி, நின்றபடியே கும்பிட்டார். திரும்பும்போது எச்சரிக்கையாகச் செடிகளைப் பார்த்தபடியே நடந்தார். அதனால் தரையைப் பார்க்கவில்லை.

"ஏன் நொண்டறீங்க?" என்றாள் கனகாம்பாள்.

"காரை முள்ளு."

"எந்தக் காட்டு முள்ளு?"

பச்சையப்பன் ஐயனார் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"காலை உள்ள வைக்காதீங்க! அங்கேயே நில்லுங்க!"

"வலி உயிர் போவுது. ஊசியைக் குடு, எடுத்துடறேன்."

"இங்க எடுத்தா இங்கதானே விழும்? நாளைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமைங்க!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பச்சையப்பன் குதிகாலைத் தூக்கியபடியே மாட்டுக் கொட்டகைக்குப் போனார். சாப்பாடு அங்கேயே வந்தது.

வியாழக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு போனார்.

வீரப்பன் வண்டிக்குள் குனிந்து பார்த்தான். "இன்னிக்கு இன்னா கொண்டு போறீங்க?"

"காலுக்குள்ள இருக்கு. போய் எடுத்துக் குடுத்துட்டு வர்றேன்."

காட்டில் பூசாரி பக்கிரி முள்ளைப் பிடுங்கிப் புதரில் போட்டார். "அவ்ளோதான், கிளம்புங்க."

"கிளம்ப மாட்டேன்" என்றார் பச்சையப்பன். "இனிமே ஒரு துரும்பு எங்கூட வரக் கூடாது."

மாடுகளின் வாலை உதறினார். குளம்புகளைக் கழுவினார். வண்டியில் விரித்திருந்த வைக்கோலை முழுக்க அங்கேயே தள்ளினார். கடைசியில் வேட்டியையும் துண்டையும் அவிழ்த்து மண்குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டு, ஏரியில் தலையோடு முழுகிக் கோவணத்தோடு வண்டியேறினார்.

சாவடியில் வீரப்பன் பதறிப்போய் எழுந்து ஓடிவந்தான். "பெரியவரே! யாரு வழிப்பறி பண்ணது?"

"யாரும் பண்ணலை. எல்லாம் நானே குடுத்துட்டேன்." பச்சையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கூடையில் குச்சி விழுந்ததிலிருந்து முள் பிடுங்கியதுவரை நடந்ததையெல்லாம் சொன்னார். "இப்ப எங்கிட்ட ஐயனாரோடது ஒரு தூசுகூட இல்லை. நாளைக்கு எம் பொண்ணு தாராளமா வூட்டுக்கு வரலாம்."

வீரப்பன் முகம் மாறியது. "அந்தக் குச்சி எப்படி இருந்துச்சு?"

"சாண் நீளம். ஒரு பக்கம் கூரு. எண்ணெய் தேச்ச மாதிரி வழவழன்னு."

வீரப்பன் சாவடிக்குள் ஓடி, முனை ஒடிந்த பிரம்பு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அன்னிக்கு உங்க கூடையைக் குத்திப் பாத்தப்ப ஒடிஞ்சு விழுந்தது இதோட முனைதாங்க, சர்க்கார் பிரம்பு, நாளைக்குக் காலையில துரை சோதனைக்கு வர்றாரு, ஒரு ஓட்டம் ஓடி அதை எடுத்தாந்துடுங்க!"