நாற்பது நாள் அமுக்கிய கற்பூரம்

அரைகுறையாக வாசித்தவனை அரிசி மூட்டைக்குக் கிட்ட விடக்கூடாது. நானோ புத்தகத்தை முழுதாகவே வாசித்திருந்தேன். அது இன்னும் மோசம்.

தங்கச்சியின் எழுத்துக்கு (கலியாணப் பதிவுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) நாற்பது நாள் இருந்தபோது ஒரு விஞ்ஞானப் புத்தகம் அகப்பட்டது. மூலக்கூறுகளால் ஆன திண்மங்களைக் கடுமையாக அமுக்கினால், உள்ளே மூலக்கூறுகள் அடுக்கு மாறி உட்காருமாம். சிலவற்றுக்கு அதற்கு நாட்கணக்கில் பொறுமை வேண்டுமாம். உதாரணம், கற்பூரம். தேவையான அமுக்கம், வளிமண்டலத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. தண்ணீரூற்று என்ற எங்கள் ஊரில், எங்கள் வீட்டில் இருந்தது நாலு அரிசி மூட்டை. போதும் என்று முடிவெடுத்தேன். (கணக்கில் நான் எப்போதும் தாராளம்.)

வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து அம்மா வாங்கி வைத்திருந்த கற்பூரத்தைப் பலகையில் பரப்பி, மேலே மூட்டைகளை அடுக்கினேன். கொப்பியில் எழுதினேன்: "நாள் 1. செவ்வாய். காலை 9.10. அமுக்கம் ஆரம்பம்." எழுத்துச் சாப்பாட்டுக்கென்று அம்மா கல் பொறுக்கி வைத்த மூட்டை எது என்பதை மட்டும் எழுதவில்லை. அதுதான் அடியில் கிடந்தது.

நாள்தோறும் பலகையின் ஓரத்தைப் பார்த்து "மாற்றமில்லை" என்று குறித்தேன். (பலகை மாறவில்லைத்தான்.)

எழுத்தன்று காலை சமையல்காரர் அடிமூட்டையைத் தூக்கிப் போனார். பலகையில் ஒன்றுமே இல்லை. "அமைப்பு முற்றாக மாறிவிட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை" என்று எழுதினேன். கற்பூரம் உருகாமலே ஆவியாகும் என்று ஒன்பதாம் ஆண்டுப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவன் நான். அது போன இடம் அரிசி. வீடெல்லாம் மணந்தது, சாமியறை என்று நினைத்தோம்.

பதிவாளர் பிந்தியதால் சாப்பாடு முந்திவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் ஒரு வாய் வைத்தார். துப்பினார். எழும்பினார்.

"சோத்தில என்னவோ மருந்து போட்டிருக்கினம்! என்ரை பிள்ளையை மயக்கப் பாக்கினம். எழும்பு தம்பி, போவம்!"

கையெழுத்து இன்னும் விழவில்லை. தங்கச்சி என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும். ஓடிப்போய்க் கொப்பியை எடுத்து வந்தேன்.

"மருந்தில்லை மாமி. ஆராய்ச்சி."

"எட பாவி, அம்மாளாச்சியின்ரை கற்பூரத்தையோ எடுத்தனீ?" என்று அம்மா தலையில் கைவைத்தார்.

நிரூபிக்க வேண்டுமே, சபை நடுவே வாசித்தேன். "நாள் 2, காலை 9.10, மாற்றமில்லை. நாள் 3, காலை 9.12, மாற்றமில்லை..." இருபத்துமூன்றாம் நாளில் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வெடித்தது.

"இருங்கோ அம்மா. செய்வினை செய்யிறவன் நேரம் போட்டுக் கொப்பியில எழுதி வைப்பானோ? இந்த மனிசனால ஒருத்தரையும் மயக்கேலாது."

மாமி சிரிக்கவில்லை. ஆனால் திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் வாசியும்" என்றார்.

நாற்பது நாளும் வாசித்தேன். பதிவாளர் வந்தார், கையெழுத்து விழுந்தது. பேக்கரிப் பாணும் தேங்காய்ச் சம்பலும்தான் எழுத்துச் சாப்பாடு.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சோறு போட்டால், மச்சான் முதலில் ஆவிக்கு மேல் இரண்டு கைகளையும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பக்கத்தில் மாமியும் அப்படியே, சிரிக்காமல். இதுவரை நூற்றுப்பதினேழு தடவை. திகதி, நேரம் எல்லாம் அதே கொப்பியில் இருக்கின்றன.

மாற்றமில்லை.