பொட்டு வைத்த பெட்டி

“பெட்டியத் தொறக்காதீங்க சார்! பொட்டு வெச்சது!”

திருவேங்கடம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். செங்கல்பட்டு உப்புக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறை. பீரோமேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்த சாமந்தி மாலையுமாக ஒரு தகரப் பெட்டி. உள்ளே துளையிட்ட இரண்டாயிரம் அட்டைகள். எந்த ஊருக்கு எந்த லாரி உப்பு ஏற்றிப் போகவேண்டும் என்று தினமும் பட்டியல் போடும் பழைய புரோகிராம் அதுதான்.

“அப்புறம் எப்படிய்யா ஓட்டுறீங்க?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடி வெளக்கேத்தி நாங்க ரெண்டு பேரும் தொறப்போம். வேற கை படக்கூடாது,” என்றார் பழைய மிஷினை ஓட்டும் கேசவன். பக்கத்தில் அவர் கூட்டாளி ஞானதாஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கிறிஸ்தவர் என்பது அவசரத்தில் அவருக்கே மறந்துவிட்டது.

திருவேங்கடத்தின் நிலைமை பாவம். புது மிஷின் வந்து இறங்கியிருந்தது; அதற்குப் புரோகிராம் எழுத வந்தவர் அவர். முதலாளி தேசப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்: “புதுசும் பழசும் ஒரு வாரம் ஒரே லிஸ்ட்டு குடுத்துச்சின்னா உன் வேல நிரந்தரம். இல்லாங்காட்டி கேளம்பாக்கத்துல உப்பு மூட்ட தெச்சிகினு கெட.”

இவர்களோ அசையவில்லை. “ஓடுற லாரிக்கு எதுக்கு சார் டயர் மாத்தணும்?”

“மொத்தமா வேணாம்ப்பா. மாசத்துக்கு ஒரு ஊரு. மதுராந்தகத்த மட்டும் புதுசு பாக்கட்டும். மத்தத பழசே பாத்துக்கட்டும்.”

மதுராந்தகத்துக்குப் புது மிஷின் ஐந்து லாரி என்றது. பழைய பட்டியலில் நான்கு.

“ஏரி ரொம்புற கணக்கு சார்,” என்றார் ஞானதாஸ்.

“சித்திரையிலயா?”

“அப்ப வெயில் கணக்கு. உள்ள பெரிய லாஜிக்கு கீது.”

திருவேங்கடம் புதுசில் ஒரு விதி சேர்த்தார்: ஐந்து வந்தால் நான்காக்கு.

அடுத்த மாதம் அச்சரப்பாக்கம். செவ்வாய்க்கிழமைகளில் பழைய பட்டியலில் ஒரு லாரிகூட இல்லை.

“செவ்வா வெறுவாய் சார். பழசு சாஸ்திரம் பாக்கும்,” என்றார் கேசவன். இன்னொரு விதி.

மூன்றாவது மாதம் மாமல்லபுரம். புதன்கிழமை தவறாமல் பதினேழாம் நம்பர் லாரிதான்.

“அந்த வண்டிக்குக் கடக்காத்து ஒத்துக்கும்.” அதற்கும் ஒரு விதி.

அன்று வியாழக்கிழமை. அட்டைகளில் துளையிடும் ஜெகதாம்பாள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். “சார், மீன் கொழம்பு துன்றீங்களா? மீனு எங்க வூட்டுக்காரரு நேத்து மாமல்லபுரத்துலேர்ந்து எடுத்தாந்தாரு.”

“பெரிய வேல நடக்குது. கொழம்பப் பத்திப் பேசாதம்மா,” என்று சீறினார் திருவேங்கடம்.

விதிமேல் விதி ஏறி, இளமையாக வந்த புது புரோகிராம் மூன்றே மாதத்தில் பழையதைவிடக் கிழமாகிவிட்டது. ஆனால் பட்டியல்கள் ஒத்துப்போயின. பரீட்சை வாரம் வந்தது. திங்கட்கிழமை எழுத்துக்கு எழுத்து சரி.

செவ்வாய்க்கிழமை முதலாளியே வந்து நின்றார். புதிய பட்டியல்: அச்சரப்பாக்கம், லாரி இல்லை. பழைய பட்டியல்: அச்சரப்பாக்கம், பதினேழாம் நம்பர்.

“இன்னாய்யா இது?” என்றார் தேசப்பன்.

கேளம்பாக்கத்துக் கோணி ஊசி திருவேங்கடத்தின் கண்முன் ஆடியது. வருவது வரட்டும் என்று பாய்ந்து பெட்டியைத் திறந்தார். அட்டைகள் தலைகீழாகவும் குறுக்கும் நெடுக்குமாகவும், குங்குமத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

“போன ஆயுத பூஜையில பொட்டு வெக்கறப்ப பெட்டி கவுந்துடுச்சி சார்,” என்றார் கேசவன் தரையைப் பார்த்து. “மறுபடி அடுக்கத் தெரில. அதான் பொட்டு வெச்சி மூடிட்டோம்.”

“அப்ப இத்தினி நாளா லிஸ்ட்டு போட்டது யாரு?” என்று முதலாளி கத்தினார்.

“நான்தான் சார்,” என்றாள் ஜெகதாம்பாள். “நான் கார்டுல அடிக்கிறத மிஷினு அப்படியே பிரிண்ட் போட்டுடும்.”

திருவேங்கடம் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். “மதுராந்தகத்துக்கு ஏன்மா நாலு?”

“அஞ்சாம் நம்பர் பட்டன் அமுங்க மாட்டேங்குது சார்.”

“செவ்வாய்க்கிழமை?”

“பதினேழாம் நம்பர் ஓட்றது எங்க வூட்டுக்காரரு. செவ்வாக்கெழம அச்சரப்பாக்கம் அவரு மொற. அங்க அவரு ஆத்தா கையால துன்னுட்டு வந்து என் கொழம்பக் கொற சொல்லுவாரு, அதான் வுடல; நேத்து அந்தம்மாவே மூட்டையக் கட்டிகினு எங்க வூட்டுக்கு வந்துடுச்சி, இனிமே லாரி போனா எனக்கு இன்னா சார்?”