மேற்படி சாரி எந்தச் சாரி?

கார்த்வைட் நகராட்சி அலுவலகத்தின் ஈரப் படியில் வழுக்கி விழுந்த நார்மன் பட்டர்வொர்த், விழுந்த கையோடு அந்தப் படியைப் பார்த்து “சாரி” என்றார். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் கதவில் முட்டிக்கொண்டால் கதவிடம் சாரி கேட்பதுதான் முறை.

உள்ளே கவுண்ட்டரில் இருந்த மேவிஸ் ஹார்ட்லி ஓடிவந்து, “ஐயோ சாரி, சாரி!” என்று அவரைத் தூக்கி நிறுத்தினாள். “பரவால்ல கண்ணு, படி மேல தப்பில்ல, என் கால்தான் சரியில்ல” என்று சொல்லிவிட்டு, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு நார்மன் வீட்டுக்குப் போனார். ஓய்வுபெற்ற தபால்காரர். வழக்குப் போடுவது எப்படி என்று அவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

ஆனால் நகராட்சியின் சட்ட அதிகாரி ரூபர்ட் கிரிம்ஷா, கையில் பிஸ்கட்டோடு மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

“மேவிஸ், நீங்க இப்ப குற்றத்தை ஒப்புக்கிட்டீங்க.”

“எந்தக் குற்றத்தை?”

“நகராட்சியோட குற்றத்தை. சாரின்னா தப்பு நம்ம பக்கம்னு அர்த்தம்.”

“மனுஷன் விழுந்து கிடக்கறார். வேற என்னத்த சொல்றது?”

“குட் மார்னிங் சொல்லியிருக்கலாமே. அதுல நமக்கு எந்தப் பொறுப்பும் வராது.”

மறுவாரமே விசாரணைக் குழு கூடியது. நகராட்சியின் தலைமை அதிகாரியான ஃபிலிப்பா க்ராஸ்டன் அம்மையார் தலைமை தாங்கினார். பணியாளர் ஒருவரால் பொது இடத்தில் உச்சரிக்கப்பட்ட மேற்படி சாரி எவ்வகைச் சாரி என்பதைத் தீர ஆராய்ந்து முடிவு காண்பதே குழுவின் நோக்கம். குற்றச் சாரி என்று முடிவானால் மேவிஸுக்கு வேலை போகும். வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இருபது வயதில் அந்தக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இனி அவளை யார் வேலைக்கு வைப்பார்கள்? முந்தின இரவு முழுக்க அவள் தூங்கவில்லை.

“நடந்ததைச் சொல்லுங்கள்” என்றார் க்ராஸ்டன் அம்மையார்.

“சாரி?” என்றாள் மேவிஸ். அம்மையார் எப்போதும் மேஜையோடுதான் பேசுவார். எதிரில் இருப்பவர் காதுக்கு அது எட்டாது.

“பாருங்க! மறுபடியும்!” என்று துள்ளினார் கிரிம்ஷா.

“இது அந்தச் சாரி இல்லைங்க. காதுல விழலன்னு சொல்ற சாரி.”

“சாரி, அதை நான் ஏத்துக்க முடியாது” என்றார் கிரிம்ஷா.

குழுவின் பேச்சையெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையைத் தூக்கினாள். “நீங்க சொன்ன சாரியை எந்தக் கணக்குல எழுதறது?”

“அது சாரியே இல்ல. ‘நீ சொல்றது பொய்’ங்கறதை மரியாதையா சொன்னேன்.”

இப்படி ஒரு மணி நேரத்தில் குழு ஒரு வரி கூட நகரவில்லை. ஆகவே மான்செஸ்டரிலிருந்து மொழி ஆலோசகர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். வீட்டுக்குள்ளும் மப்ளரைக் கழற்றாத ரகம். வண்ண அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டினார். சாவு வீட்டில் சொல்வது நீலம். அடுத்தவன் நம் காலை மிதித்தால் நாம் அவனிடம் சொல்வது பச்சை. “சாரி, ஆனா...” என்று சண்டையைத் தொடங்கி வைப்பது சிவப்பு. கடைக்காரர் தன்னிடம் சில்லறை இல்லாதபோது சொல்வதற்கும், இருந்தும் கொடுக்க மனமில்லாதபோது சொல்வதற்கும் மஞ்சளில் இரண்டு சாயல்கள்.

“நிஜமா வருத்தப்பட்டுச் சொல்றது எந்தக் கலர்?” என்று மேவிஸ் கேட்டாள்.

ஆலோசகர் யோசித்தார். “அப்படி ஒண்ணு இருந்ததா பழைய ஆளுங்க சொல்றாங்க. கள ஆய்வுல எங்களுக்குக் கிடைக்கலை.”

இத்தனை அர்த்தமுள்ள ஒரு சொல்லை அரசாங்கக் கட்டடத்துக்குள் அவிழ்த்துவிடுவது ஆபத்து என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. நகராட்சிப் பணியாளர் எவரும் இனி மேற்படி சொல்லை நேரிலோ, தொலைபேசியிலோ, தும்மலுக்குப் பின்னரோ உச்சரிக்கலாகாது. மேவிஸுக்கு எழுத்துமூல எச்சரிக்கை. இன்னொரு தடவை சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சில நாள் கழித்து நார்மன் வந்தார். அவர் தெருவில் விளக்கு எரியாமல் பல வருஷமாகிறது. மாதா மாதம் வந்து கேட்பார். “சாரி மிஸ்டர் பட்டர்வொர்த், இன்னும் ஆகலை” என்பாள் மேவிஸ். “பரவால்ல கண்ணு” என்பார். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அன்றைக்கும் கேட்டார்.

மேவிஸ் வாயைத் திறந்தாள். மூடினாள். நார்மன் காத்திருந்தார். இரண்டு ஆங்கிலேயர் எதிரெதிரே பேசாமல் நிற்பதைப் போன்ற கொடுமை உலகத்தில் கிடையாது. அதைத் தாங்க முடியாமல் மேவிஸ் போனை எடுத்து, பழுதுபார்க்கும் பிரிவை அழைத்தாள்.

“மில் லேன் விளக்கு என்னாச்சு?”

“அதாவது... சா...” என்று அந்தப் பக்கத்து ஆள் விழுங்கினான். தடை அவனுக்கும்தான். வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வேறு வழியில்லாமல், “நாளைக்கு வந்து போட்டுடறோம்” என்றான்.

போட்டுவிட்டார்கள். அத்தோடு நிற்கவில்லை. சொல்லித் தப்பிக்க வார்த்தை இல்லாததால் நகராட்சி முழுவதும் வேலை செய்ய வேண்டியதாயிற்று. குப்பை அள்ளப்பட்டது. சாலைக் குழிகள் மூடப்பட்டன. வாசற்படிக்கே சொரசொரப்பான கல் பதித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மேவிஸ் தலை நிமிர்ந்து வேலைக்குப் போனாள்.

அப்புறம்தான் புகார்கள் வர ஆரம்பித்தன.

“என் வீட்டு வாசல்ல ஒரு குழி இருந்துச்சு” என்று கவுண்ட்டரைத் தட்டினாள் கிளாடிஸ் என்ட்விசில். டவுனில் தையல் கடை வைத்திருப்பவள். “வந்தானுங்க, மூடினானுங்க, போயிட்டானுங்க. இத்தனை வருஷம் தடுக்கி விழுந்தவகிட்ட ஒரு சாரி கிடையாதா? நான் என்ன ஆடா மாடா?”

“குழி போயிடுச்சில்ல?”

“குழியைப் பத்தி யாருடி பேசினா? மரியாதையைப் பத்திப் பேசறேன்!”

நார்மனும் வந்தார், முகம் வாடி. “விளக்கு நல்லாத்தான் எரியுது கண்ணு. ஆனா இனிமே நான் எதுக்கு இங்க வர்றது?”

மேவிஸுக்குத் தெரிந்த ஒரே பதிலுக்குத் தடை.

கவுண்ட்டரில் இருப்பவள் திமிர் பிடித்தவள் என்று மனு எழுதி ஊரே கையெழுத்துப் போட்டது. நகர மன்றக் கூடத்தில் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். சாரி சொன்னதற்காக எச்சரிக்கை வாங்கியவளை, சொல்லாததற்காக மேடையில் நிறுத்தினார்கள்.

கிரிம்ஷா அவள் காதருகே குனிந்தார். “தடையை எடுத்தாச்சு. ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. வேலை தப்பிச்சிடும்.”

மேவிஸ் கூட்டத்தைப் பார்த்தாள். “விளக்குப் போட்டது தப்பா?”

“சாரி சொல்லு!” என்றது கூட்டம்.

“குப்பையை அள்ளினது தப்பா?”

“சொல்லு! சொல்லு!” கிளாடிஸ் குடையால் தரையைத் தட்டினாள்.

மேவிஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் செய்யாத வேலைக்கெல்லாம் சொன்னோம், செய்த வேலைக்குச் சொல்ல மாட்டோம், வேலை போனால் போகட்டும் என்று முடிவெடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவிலிருந்த வழியில் ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றதால், மூன்றாம் வரிசைக்குள் நுழைந்து வெளியேறப் பார்த்தாள். அங்கேயும் வரிசையாக முழங்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“சாரி...” என்றாள், கொஞ்சம் வழி விடுங்கள் என்ற அர்த்தத்தில்.

மூன்றாம் வரிசை வழி விடுவதற்காக எழுந்தது. அதைப் பார்த்து நான்காம் வரிசை எழுந்தது. பிறகு மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. கிளாடிஸ் மூக்கைச் சிந்தினாள். நார்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பரவால்ல கண்ணு, பரவால்ல” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பணியாளர் மனமுருகி மன்னிப்புக் கேட்டதாக நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. வேலையும் நிலைத்தது. அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சொல்ல மேவிஸ் வாயெடுத்தாள். நார்மனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கார்த்வைட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை. புகார் ஒன்றுகூட வரவில்லை.