சுவீடனில் எனக்கொரு சீசன்

இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாதவனுக்கு உலகத்தில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அரைகுறையாகத் தெரிந்த நண்பன் பக்கத்தில் இருந்தால்தான் ஆபத்து. எனக்கு இருதயராஜ் இருந்தான்.

ஐம்பதுகளின் நடுவில் நான் மெட்ராஸ் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் வீடு. தனத்தைக் கல்யாணம் செய்து ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. வேலை முடிந்தால் புட்பால். வெறுங்காலோடு இடது ஓரத்தில் நான் ஓடினால் காற்றே பின்தங்கிவிடும் என்று நினைப்பு. (காற்றைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கும்.)

அப்போது காகித உருளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுவீடன் கப்பல் வந்தது. அதன் மாலுமிகள் எங்களோடு மணல் திடலில் ஒரு மேட்ச் ஆடினார்கள். வெயிலில் அவர்கள் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்த பிறகு நான் இரண்டு கோல் போட்டேன். ஆட்டம் முடிந்ததும் நீல்ஸ் என்கிற இன்ஜின் ரூம் ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினான். அவனுக்கும் இங்கிலீஷ் இரவல் பாஷைதான். எனக்குத் தெரிந்தது கோல், பவுல், கார்னர். இருதயராஜ் சரக்கு எண்ணிக் குறிக்கிற குமாஸ்தா. அவனுடைய இங்கிலீஷுக்குச் சாக்கு மூட்டையைத் தாண்டி வேலையே வந்ததில்லை. எங்கள் காதுக்கு வந்து சேர்ந்தவை: சுவீடன், டாப் டிவிஷன், நியூ சீசன், பர்ஸ்ட் மேட்ச், சண்டே, யூ கம்.

இருதயராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "மாமு, அவுங்கூர்ல புது சீசன் ஆரம்பிக்குதாம். நாட்டுலயே பெரிய டிவிஷனாம். உன்னிய ஆடக் கூப்புடறான். ஞாயித்துக்கெயம கப்பல்ல வந்து ஏறிக்கணுமாம்."

பாஸ்போர்ட் என்று ஒன்று வேண்டும் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் சுவீடன்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற காட்சிதான். மேஸ்திரியிடம் போய், இனிமேல் வின்சுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொன்ன தோரணையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மாமியார் மட்டும் குழம்பிப்போனார். அவருக்குச் சீசன் என்றால் ரயில் பாஸ். மாப்பிள்ளை தினமும் சுவீடனுக்குப் போய்விட்டு வருவார் என்று திருவொற்றியூர் முழுக்கச் சொல்லி வைத்தார்.

பக்கத்துத் தெரு ரயில் டிரைவர் தன்னுடைய கறுப்புக் கம்பளிக் கோட்டை இரவல் கொடுத்தார். தனம் டிரங்குப் பெட்டியை அடுக்கினாள். வறுத்த கருவாடு, மாங்காய் ஊறுகாய், இரண்டு வேட்டி.

"எப்ப வருவே?" என்று மட்டும் கேட்டாள்.

"சீசன் முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்?"

அவள் பெட்டியை மூடிவிட்டு, அதன் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பூட்டு சரியாக விழவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துறைமுக கேட் வரைக்கும் தெருவே வந்தது. கழுத்தில் மாலை, உடம்பில் கம்பளிக் கோட்டு, உள்ளே ஆறாக வியர்வை. பெட்டியை இருதயராஜ் தூக்கிக்கொண்டான். கேட்டுக்குள் நுழைந்ததும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சுவீடன் அங்கேயே முடிந்திருக்கும்.

மேல்தளத்தில் நீல்ஸ் காத்திருந்தான். மாலையையும் கோட்டையும் பெட்டியையும் பார்த்தான். எங்கள் ஊரில் இப்படித்தான் விருந்துக்குப் போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, மரியாதையாகத் தலை குனிந்து என்னைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு ரேடியோ, இரண்டு நாற்காலி, காபி, இனிப்பு பன்.

கப்பலின் அதிகாரி ஒருவர் இருதயராஜுக்கு நிதானமாக விளக்கினார். கேட்கக் கேட்க அவன் முகம் கிழிந்த சாக்கு மாதிரி ஆனது. நீல்ஸின் சின்ன ஊர் கிளப் முதல் தடவையாக நாட்டின் உச்ச டிவிஷனுக்கு ஏறியிருக்கிறது. புது சீசனின் முதல் மேட்ச் இன்றைக்கு. கோல்கீப்பர் அவனுடைய தம்பி. கப்பலில் அந்த ஊர்க்காரர் வேறு யாரும் இல்லை. தனியாகக் கேட்க மனசு வராமல், ரேடியோ கேட்க என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

"பேஜாராப் பூட்ச்சு மாமு," என்றான் இருதயராஜ் மெதுவாக.

எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் ரேடியோ அதற்குள் கருவாடு பொரிகிற மாதிரி இரைய ஆரம்பித்துவிட்டது. இரைச்சலுக்கு நடுவில் யாரோ கத்தினார்கள். தம்பியின் பெயர் வரும்போதெல்லாம் நீல்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தான். பந்தைத் தடுத்தால் ஒரு பிடி, விட்டால் ஒரு பிடி. கடைசியில் பிடித்த பிடியில், தோற்றுவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தான். மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டேன். பெட்டியைத் திறந்து கருவாட்டையும் ஊறுகாயையும் வைத்தேன். அழுதுகொண்டே தின்றான். (பாதி அழுகை ஊறுகாயால் வந்தது.)

விளக்கு வைத்த பிறகு பெட்டியோடு தெருவுக்குள் நுழைந்தேன். குழாயடியில் பேச்சு நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய கொடுமை.

தனம் வாசற்படியிலேயே இருந்தாள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். தட்டைப் போட்டாள். சோறு இருவருக்குமே இருந்தது.

"கை பயக்கம், ரெண்டு பேருக்கு ஆக்கிட்டேன்," என்றாள்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "அந்தத் தம்பி ஜெயிச்சிச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. தோத்துட்டோம்."

நான் சொன்னது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்து அருகில் போனால், சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அழுதாள்.

மறுநாள் மேஸ்திரி, சீசன் முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு என்னை வின்சுக்கு அனுப்பினார்.

வருஷங்கள் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, உங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரே சுவீடன் போய்ட்டு வந்தவருதான்."

உள்ளறையில் எங்கள் மகள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, எத்தனை காலம் இருந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஒரு மேட்ச்," என்றேன்.