நான்கு மேசைக்கு மூன்று இனம்

நம் நாட்டில் பல இனத்தவரும் சேர்ந்து பசியாறும் வழக்கம் இத்தனை காலமாக எந்தப் படிவமும் இல்லாமல் நடந்துவந்தது ஒரு பெரும் நிர்வாகக் குறைபாடு. ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் வழியில், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பிய தாமான் குடியிருப்பில், கலாதேவியின் தோசைக்கடை அப்படித்தான் பதினோரு வருஷமாக யாருடைய அனுமதியும் பெறாமல் ஒற்றுமையாக இருந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனவளிடம் புது விதியைச் சொன்னார்கள்: நல்லிணக்கச் சான்று இல்லையென்றால் கடை இல்லை.

சான்று தர, நல்லிணக்க அளவைப் பிரிவின் அதிகாரி குலசிங்கம் ஒரு சனிக்கிழமை காலை படிவத்தோடு வந்து சேர்ந்தார்.

கடையில் நாலு மேசை, ஒரே காற்றாடி. ஆகவே எல்லாரும் காற்றாடி மேசையில்தான் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டும் அர்ச்சுனன், ஓய்வுபெற்ற மலாய்த் தபால்காரர் பாக் மான், தோட்டத்துக் காலத்திலேயே மளிகைக்கடை வைத்துத் தமிழில் சண்டை போடப் பழகிய லியோங், இன்னும் ஏழெட்டுப் பேர்.

குலசிங்கம் பார்த்தார். எழுதினார்.

"ஒரு மேசையில் ஒற்றுமை அளவுக்கு மீறி உள்ளது. மற்ற மூன்றில் அறவே இல்லை. சராசரி தேறாது, பிள்ளை."

"சார், அங்கல்லாம் காத்து வராதுலா."

"காற்று எங்கள் பிரிவின் கீழ் வராது."

ஒவ்வொரு மேசைக்கும் மூன்று இனம் என்பது விதி. தமிழர், மலாய்க்காரர் தேவையான அளவுக்கு இருந்தார்கள். சீனர் ஒருவர்தான். கலாதேவி கெஞ்ச, பத்து நிமிஷத்துக்கு ஒரு மேசை வீதம் லியோங் கோப்பிக் கோப்பையோடு சுற்றி வந்தார். ஒவ்வொரு மேசையிலும் புதிதாகச் சிரிக்க வேண்டும் என்பது உபவிதி.

"அங்கிள், இன்னிக்கு ஒங்களுக்கு ஓவர்டைம்லா!" என்றான் அர்ச்சுனன்.

"ஒன் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறதுக்கே தனிச் சம்பளம் கொடுக்கணும்டா."

அப்போது பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜிம்புன் வந்தான். சரவாக்கிலிருந்து வந்த இபான் பழங்குடிக்காரன். குலசிங்கம் படிவத்தைப் புரட்டினார்.

"'மற்றவர்' என்று பத்தி இருக்கிறது. நாற்காலி இல்லை."

ஜிம்புன் நின்றுகொண்டே இரண்டு தோசை தின்றான்.

பத்தரைக்குச் சான்று கைக்கு வந்தது: 'முன்மாதிரி ஒற்றுமை, முதல் தரம்.' கடை பிழைத்தது. கலாதேவிக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரியின் கார் முச்சந்தியைத் தாண்டியதும், "போதும், எல்லாரும் பழைய மாதிரி ஒக்காருங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை.

"ஒன்னு கேக்கணும்க்கா," என்றான் அர்ச்சுனன். "அங்கிளுக்கு மட்டும் நாலு மேசையிலயும் சட்னி வச்சீங்க. நமக்கு ஒரு தடவதானா?"

"நாலு மேசைக்கும் அலைஞ்சது நான்!" லியோங் சீறினார். "ஒங்க ஆளுங்க ஆறு பேரு, நான் ஒத்த ஆளு. எண்ணிட்டேன்."

பாக் மானும் மலாயில் தன் கணக்கைச் சொன்னார்: காற்றாடிக்குக் கீழே எங்கள் ஆள் ஒருவர், உங்கள் ஆள் இரண்டு பேர். அந்த மனிதர் அதுவரை யாரையும் எண்ணியதில்லை.

தமிழர்கள் எழுந்து ஒரு மேசைக்குப் போனார்கள். மலாய்க்காரர்கள் இன்னொன்றுக்கு. லியோங் தனியாக ஒரு மேசையைப் பிடித்தார். மிச்சமிருந்த மேசையில் ஜிம்புன் உட்கார்ந்தான். அன்றைக்கு லாபம் கண்டவன் அவன் ஒருவனே.

"வெக்கமா இல்ல ஒங்களுக்கு? என் கடையில என்னிக்காவது இப்படி நடந்திருக்கா?" கலாதேவி ஆளுக்கு ஒரு வாங்கு வாங்கிவிட்டு, கல்லிலிருந்து முறுகலாக ஒரு தோசையை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

இரண்டடி நடந்தவள் நின்றாள். எல்லாருடைய கண்ணும் அந்தத் தட்டின் மேல் இருந்தது. முன்பெல்லாம் யார் முதலில் கத்தினார்களோ அவர்களுக்குத்தான் முதல் தோசை. இப்போது யாரும் கத்தவில்லை. எந்த மேசைக்கு முதலில் வைப்பது?

கல்லில் அடுத்த தோசை கருகும் வாசனை வந்தது. அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.