பச்சை நூல் கட்டிய நாட்களில் தனசேகரன் ஓய்வெடுத்த விதம்

ஆரணி,
14-8-1999

பெருமதிப்பிற்குரிய பயிற்சியாளர் திரு. சந்திரமோகன் அவர்களின் மேலான சமூகத்திற்கு, ஆரணி அபிதகுசாம்பாள் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அந்த நலம் அளவுக்கு மீறியதால் விளைந்த தொல்லைகளைப் பற்றியதே இக்கடிதம். உறவு முறையில் தாங்கள் எனக்குச் சித்தப்பா. ஆயினும், ஒரு சைக்கிள் வீரனின் பந்தயப் பருவத்தைப் பற்றிய அலுவல் கடிதத்தில் உறவைக் கொண்டுவந்து நுழைப்பது முறையன்று என்பதால், முடியும்வரை தங்களைப் பயிற்சியாளர் என்றே விளிக்கக் கருதியுள்ளேன். தம்பி தனசேகரன் எவ்வாறு ஓய்வெடுக்கிறான் என்பதை ஆடி பிறந்ததுமே தெரிவிக்குமாறு தாங்கள் பணித்திருந்தீர்கள். ஆடி முடியப்போகிறது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அவன் ஓய்வெடுக்கத் தொடங்கியபின் தெரிவிக்கலாம் என்று காத்திருந்ததே தாமதத்திற்குக் காரணம்.

நிலைமையின் கடுமையை நான் உணராதவள் அல்லள். சைக்கிள் மிதிப்பதற்கென்றே மாதச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று சென்னையில் உண்டென்று நாங்கள் அறிந்ததே தாங்கள் தம்பியை அந்த அணியில் சேர்த்தபிறகுதான். அவனோ சென்ற ஆண்டு, எந்த ஊரில் யார் பந்தயக் கொடி கட்டினாலும் போய் ஓட்டிவிட்டு, செப்டம்பரில் நடந்த தேர்வுப் பந்தயத்தில் பாதி வழியில் ஒரு புளியமரத்தின்மேல் சைக்கிளைச் சாய்த்து, அதன் நிழலிலேயே உறங்கிப்போனான். தேடிவந்த ஜீப்காரர்கள் மூச்சு இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுப்பினார்களாம். இவ்வாண்டும் களைத்துப்போய் வந்து நின்றால் அணியில் இடமில்லை என்று தாங்கள் சொன்னது முற்றிலும் நியாயம். அப்படி நேருமாயின் அவன் திரும்பிவந்து உட்காரவேண்டிய தறி என் கணவர் வீரபாகு அவர்களுடையது. அதில் இருவர் உட்கார இடமில்லை என்பதோடு, இருவரில் ஒருவர் என் கணவர் என்பதையும் தாங்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

தாங்கள் அனுப்பிய ஆண்டுத் திட்டம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டதேயன்றி, நான் படிப்பைக் கைவிட்டவள் அல்லள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழாக்கினேன். உடம்பு பந்தயத்தின்போது வலுப்பெறுவதில்லை, பந்தயத்திற்குப்பின் படுத்துக்கிடக்கையில்தான் வலுப்பெறுகிறது என்றும், உழைப்பைப் படிப்படியாக ஏற்றி, ஒரு கட்டத்தில் சட்டென்று இறக்கி, களைப்பு முழுவதும் வடிந்தபிறகே மறுபடி ஏற்றவேண்டும் என்றும், கண்ட பந்தயத்திலும் வெல்ல நினைப்பவன் வேண்டிய பந்தயத்தைத் தோற்பான் என்றும் தாங்கள் விளக்கியிருந்தது மிகச் சிறப்பு. வேலை முடிந்ததும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் இழுப்பைத் தளர்த்திவிட்டு எழும் பழக்கமுள்ள என் கணவருக்கே அது புரிந்தது. உடனே மாத நாட்காட்டியை எடுத்து, பந்தய நாட்களுக்குச் சிவப்புப் பட்டு நூலும், முழு ஓய்வு நாட்களுக்குப் பச்சை நூலும், இலேசாக மிதிக்கவேண்டிய நாட்களுக்கு இரண்டையும் முறுக்கிய நூலுமாகக் குஞ்சம் கட்டி, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும்படி கூடத்தில் மாட்டினேன். ஆடி மாதம் முழுவதும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

தாங்கள் சென்னைவாசியாகிவிட்டபடியால் ஒன்றை நினைவூட்டுகிறேன். ஆவணி முகூர்த்தச் சேலைகளை முடித்துக்கொடுப்பதற்காக ஆரணியே தறிக்குழியில் இறங்கிக்கிடக்கும் மாதம் ஆடி. அந்த மாதத்தில், மீசை முளைத்த ஆண்மகன் ஒருவன் பட்டப்பகலில் பாயில் படுத்திருந்தால், ஒன்று அவன் நோயாளி, அல்லது அவன் வேலையற்றவன் என்பதே இங்குள்ளோர் துணிபு. எங்கள் தெரு அவனை முதலில் நோயாளியாக்கியது. பிறகு வேலையற்றவனாக்கியது.

நோயாளியாக்கிய பெருமை தங்களையும் என்னையும் சேரும். தாங்கள் எழுதியபடி, தினமும் அவன் கண்விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே நாடி பார்த்து வந்தேன். நிமிடத்திற்கு நாற்பத்தெட்டு. களைப்பு வடிய வடிய எண்ணிக்கை குறையும், ஏறினால்தான் ஆபத்து என்று தாங்கள் எழுதியிருந்ததால் நான் பூரிப்படைந்தேன். அம்மாவோ, தினமும் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் என்னிடம் சொல்லாமலே போய்க் கம்பவுண்டர் ஒருவரை அழைத்துவந்துவிட்டாள். அவர் தம்பியின் நாடியை எண்ணினார், தம் கைக்கடிகாரத்தை உதறிக் காதில் வைத்துப் பார்த்தார், தம் நாடியையே ஒருமுறை எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டார். பிறகு அம்மாவைத் தனியே அழைத்து, "இந்த நாடிய வெச்சிகினு ஆளு எழுந்து காபி குடிக்கறதே அதிசயம்மா" என்றார். விளையாட்டு வீரர்களின் இதயம் இவ்வாறே நிதானமாக இயங்கும் என்று தங்கள் கடிதத்தை மேற்கோள் காட்டி நான் நிகழ்த்திய உரையை அவர் முழுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அன்று மாலையே நலம் விசாரிப்போர் வரத்தொடங்கினர். ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வந்தன. வந்தவர் ஒவ்வொருவருக்கும் தம்பி எழுந்து உட்கார்ந்து, தனக்கு ஒன்றுமில்லை என்பதை முதலிலிருந்து விளக்கவேண்டியிருந்தது. அவன் விளக்கியதும், இதேபோல் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே போய்ச்சேர்ந்த தம் உறவினர் ஒருவரைப் பற்றி அவர்கள் விளக்கினர். ஒருவர் கஷாயம் கொடுத்தார். இன்னொருவர் அதை முறிக்க வேறொரு கஷாயம் கொடுத்தார். இவ்வாறு ஒரு வாரம் உபசரிக்கப்பட்டதில் அவனது நாடி அறுபத்தைந்துக்கு ஏறியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அம்மாவோ, "நாடி ஏறிடுச்சு, புள்ள பொழைச்சிகினான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். சென்னையில் தாங்கள் துக்கப்படவேண்டிய எண்ணுக்கு ஆரணியில் முந்திரிப்பருப்பு வறுபட்டது.

இத்துடன் போயிருந்தாலும் சமாளித்திருப்பேன். நாடி ஏறினால், பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் வெறுங்காலோடு கிரிவலம் வருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேண்டிக்கொண்டவள் அம்மா, நடக்கவேண்டியவன் தம்பி. வேண்டுதலில் இவ்விதமான வேலைப் பிரிவினை எங்கள் வீட்டில் நெடுங்கால வழக்கம். பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ்ஸில் கால்வைக்க இடம் கிடைக்காது என்பதால், அவன் சைக்கிளிலேயே திருவண்ணாமலை போய், மலையைச் சுற்றி நடந்து, சைக்கிளிலேயே திரும்பினான். இதில் அண்ணாமலையாரைக் குறைகூற நான் விரும்பவில்லை. அவர் எதையும் கேட்கவில்லை. அவரும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் ஓய்வில் இருப்பவர்தாம், அவரைச் சுற்றித்தான் எல்லோரும் நடக்கிறார்கள். அந்த முறையை எங்கள் வீட்டிலும் கடைப்பிடித்திருக்கலாம் என்பதே என் பணிவான கருத்து.

அடுத்து அவன் வேலையற்றவனான வரலாறு. பிரசாதம் வாங்க வந்த சேவூர் கற்பகம் அத்தை, நாட்காட்டியில் தொங்கிய குஞ்சங்களைப் பார்த்து அவை என்னவென்று வினவினார். கேட்டவருக்குத் தெளிவுபடுத்துவது என் இயல்பாகையால், திட்டத்தின் தத்துவத்தை ஆதியோடந்தமாக எடுத்துரைத்தேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பச்சைன்னா தனா சும்மா கீறான்னு அர்த்தம். நல்லதாப் போச்சு. வெள்ளிக்கெழம எங்க பாவு விரிக்க ஒரு ஆளு கொறையுது, ஜல்தியா வந்துடச் சொல்லு" என்றார். வெள்ளிக்கிழமை தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்த பட்டுப் பாவின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை தங்கள் அணியின் நம்பிக்கை நட்சத்திரம் நின்றுகொண்டிருந்தான். அதன்பின் வருவோர் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே நாட்காட்டியைப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்க, தேவிகாபுரத்துச் சம்பந்திக்குக் கூழ் ஊற்றும் சேதி சொல்ல, மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவ என்று நாளைக் குறித்துக்கொண்டு போவார்கள். ஊரில் எத்தனையோ பேர் சும்மா இருக்கிறார்கள். ஆனால் சும்மா இருக்கும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவன் தம்பி ஒருவன்தான்.

இவ்விடத்தில் நிறுவனத்தின் சைக்கிள் பற்றியும் ஒரு செய்தியைத் தெரிவிப்பது என் கடமை. என் கணவரின் மொபெட் பழுதானதால், முடிந்த சேலைகளைக் கடையில் சேர்க்கும் பொறுப்பும் தம்பியிடம் வந்தது. ஓய்வு நாளில் சேலை சுமப்பதா என்று அவன் முனகினானாம். அதற்கு அவர், "எப்படியும் நீ மெதிக்கத்தான் போற மச்சான். சும்மா மெதிக்கறதுக்கு நாலு சேலைய வெச்சிகினு மெதி" என்று கூறி, பின்சக்கரத்தின்மேல் ஒரு கேரியரைப் பொருத்திவிட்டார். எடையைக் குறைப்பதற்காக அந்த வெளிநாட்டுச் சைக்கிளில் தாங்கள் மணிகூட வைக்கவில்லை என்பதை அறிவேன். என் கணவர் மணியும் வைத்துவிட்டார்.

ஆடித் திருவிழாப் பந்தயத்தை நடத்தும் ராஜவேலு வந்தபோது நான் விழிப்போடுதான் இருந்தேன். "தங்கள் அழைப்பு ஆழ்ந்த வருத்தத்துடன் மறுக்கப்படுகிறது" என்று தாளில் எழுதிக் கையொப்பமிட்டே கொடுத்தேன். அவர் அதை மரியாதையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஓட்டவே வேண்டாம், தொடக்கத்தில் நின்று கொடி அசைத்தால் போதும், சிறப்பு விருந்தினர் என்று போஸ்டர் அடித்தாகிவிட்டது என்றார். கொடி அசைப்பதில் களைப்பு ஏற்படுமா என்று தங்கள் திட்டத்தில் தேடினேன். அது பற்றிக் குறிப்பேதும் இல்லை. அனுப்பினேன். மாலையில் தம்பி ஓர் எவர்சில்வர் அண்டாவோடு வீடு திரும்பினான். என்னவென்று கேட்டதற்கு, "நான் ஊட்டுக்குத்தாங்க்கா வந்துகினு இருந்தேன். பந்தயமும் அதே ரோட்ல வந்துச்சு" என்றான். வீட்டருகே நின்றுவிடத்தான் நினைத்தானாம், நின்றால் பின்னால் வருபவர்கள் மோதி விழுவார்களே என்ற பொதுநல நோக்கத்தில் எல்லைக்கோடு வரை போய்விட்டானாம். ஒரு கையில் கொடியும் பின்னால் கேரியருமாக முதலில் வந்தவனுக்குப் பரிசு கொடுப்பதா என்று இரண்டாவதாக வந்தவர் தகராறு செய்ய, முதல் பரிசை அவருக்கே கொடுத்துவிட்டு, அண்டாவைச் சிறப்பு விருந்தினர் பரிசு என்று ராஜவேலு சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலை நாடி எழுபத்தாறு. அம்மாவின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. மத்தியானம் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன், பிசைந்த கை பிசைந்தபடியே இருக்க, சுவரில் சாய்ந்து உறங்கிப்போனான். எழுப்பக் கை போனது. எனக்கு அந்தப் புளியமரம் நினைவுக்கு வந்து எழுப்பவும் மனமில்லை. அவனே விழித்து, காய்ந்துபோன கையைப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டியும் வழில படுத்துட்டேன்னா எனக்கு வேற பொழப்பு தெரியாதுக்கா" என்றான். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசும் பிள்ளை சிரிக்காமல் சொன்னான், சித்தப்பா. பயிற்சியாளர் என்று எழுத நினைத்துக் கை தவறிவிட்டது. அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

அன்றைக்கே நாட்காட்டியிலிருந்த பச்சைக் குஞ்சங்கள் அத்தனையையும் கத்தரித்தெடுத்து, அவ்விடங்களில் சிவப்பு நூலைக் கட்டினேன். திட்டத்தில் ஒரு நாளைக்கூட மாற்றவில்லை. நூலை மட்டுமே மாற்றினேன். ஓய்வென்றால் உள்ளே நுழையும் ஊர், பந்தயமென்றால் விலகி நிற்கிறது. ஆள் கேட்டு வந்த அத்தை சிவப்பைப் பார்த்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாங்கினார். தெருமுனையில் நின்று, "புள்ளைக்குப் பந்தயமாம், யாரும் போய் பேஜார் பண்ணாதீங்க" என்று மற்றவர்களையும் தடுத்தார். தம்பி உள்ளறையில் ஆனந்தமாக உறங்குகிறான். ஊரோ அவன் கடும்போட்டியில் இருப்பதாக நம்பி அவனுக்காகக் கற்பூரம் ஏற்றுகிறது. இன்று காலை நாடி நாற்பத்தாறு. அம்மா கண்ணைத் துடைத்தபடி, "எறங்கிகினே போவுதேடி" என்று புலம்புகிறாள். அவளுக்கு ஆறுதலாக, கொட்டை எழுத்தில், தாங்கள் இரண்டு வரி எழுதுவது நல்லது.

ஆகவே, தம்பி தனசேகரன் களைப்பு முற்றும் நீங்கிய நிலையில் உள்ளான் என்பதை இதன்மூலம் உறுதிப்படுத்துகிறேன். செப்டம்பர் தேர்வுப் பந்தயத்திற்கு அவன் பெயரைச் சேர்த்தருள வேண்டும். அதுவரை இடையில் வேறு பந்தயம் எதுவும் இல்லை. பெற்ற தாயாயினும், கட்டிய கணவராயினும், சேவூர் அத்தையாயினும், அவனது ஓய்வில் ஒருவர் விரல்நுனி படவும் இனி நான் விடேன்.

சித்திக்கு என் நமஸ்காரத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் தெரிவிக்கவும். தங்கள் அணியின் சக்கரங்கள் எந்நாளும் காற்றிறங்காமல் சுழல, அசையாமல் நிற்கும் அண்ணாமலையார் அருள் புரிவாராக.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வீ. அபிதகுசாம்பாள்

பின்குறிப்பு: நாளை ஞாயிறும் சுதந்திர தினமும் சேர்ந்து வருவதால் தபால் திங்கட்கிழமைதான் புறப்படும் என்கிறார்கள். பெயர்ப் பட்டியலோ திங்கட்கிழமையே முடிவாகிறதாம். இத்தனை முக்கியமான கடிதத்தை வேறு யாரையும் நம்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாளை திட்டப்படி தம்பிக்கு முழு ஓய்வு நாள், வேறு வேலை எதுவும் இல்லை. ஆதலால் விடியற்காலையில் அவனையே சைக்கிளில் சென்னைக்கு அனுப்பிவைக்கிறேன். அண்டாவைச் சித்திக்காகக் கேரியரில் கட்டியிருக்கிறேன், கயிற்றின் ஒரு முனை சைக்கிள் மணியில் சுற்றியிருக்கிறது, பார்த்து அவிழ்க்கவும். வழியில் காஞ்சிபுரத்தில் ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு வருவான், சற்றுத் தாமதமானால் கவலை வேண்டாம். திங்கட்கிழமையும் அவனுக்கு முழு ஓய்வு, அத்தை வீட்டில் பாவு விரிக்கிறார்கள், அதனால் நாளைக்கே அவன் திரும்பியாகவேண்டும். பதிலை உடனே எழுதி அவனிடமே கொடுத்தனுப்பவும்.