மருந்துக்கடைக்காரிக்கு மூன்று நட்சத்திரம்

"ரெண்டு புள்ளி எட்டு," என்று சொல்லிக்கொண்டே முதலாளி வெள்ளைப் பலகையில் எழுதினார். "நேத்து மூணு. இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

அலுவலகத்தில் மொத்தமே மூன்று பேர்தான். முதலாளி, பக்கம் வடிவமைக்கிற லேஅவுட் அண்ணன், பிழை திருத்துகிற பெண். அவளை எல்லோரும் 'ப்ரூஃப்' என்று கூப்பிட்டார்கள்.

அவர்கள் வெளியிட்டது ஒரே ஒரு தொடர்கதை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு விளையாட்டு உலகத்துக்குள் போகும் வீரன், கோட்டை கோட்டையாக ஏறி அரக்கர்களை வெட்டுவான். பதினேழு பாகம் வெட்டியும் அரக்கர்கள் தீரவில்லை. வாசகர்கள்தான் தீர்ந்துகொண்டே வந்தார்கள். அதனால் முதலாளி ஒரு கிளைக்கதை கேட்டார். கோட்டை வாசலில் நின்று வீரர்களுக்குக் காயமருந்து விற்கும் கடைக்காரியின் கதை. முப்பது நாள், முப்பது அத்தியாயம், எல்லாம் செயலியில். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வாசகர்கள் கருத்து எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடலாம்.

முப்பதாம் நாள் சராசரி மூன்றுக்குக் கீழே இருந்தால் கிளைக்கதையோடு தொடரும் நிற்கும். அப்படித்தான் எழுத்தாளரோடு ஒப்பந்தம். தொடர் நின்றால் அலுவலகமும் நிற்கும்.

முதலாளி தினமும் காலையில் கருத்துகளை அச்செடுத்துப் பலகையில் ஒட்டிவைப்பார். அன்றைக்கு இருந்தவை இவை.

'பத்தொன்பது அத்தியாயம் ஆச்சு. ஒரு அரக்கன்கூட சாகல.'

'கடைக்காரி நல்லவ. நல்லவங்களைப் பார்க்கவா நான் போனைத் திறக்கிறேன்?'

'என் தம்பிக்குப் பிடிச்சிருக்கு. அவனுக்கு எதைக் கொடுத்தாலும் பிடிக்கும்.'

எல்லாவற்றுக்கும் மேலே 'அலுத்தவன்' என்ற பெயரில் ஒருவன். முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் ஒற்றை நட்சத்திரம் போடுகிறவன். 'ஏழாம் அத்தியாயத்தில் மருந்து பச்சை. மூன்றாம் பாகத்தில் இதே மருந்து நீலம். எழுதுகிறவருக்கே நினைவில்லை. நிறுத்திவிடலாம்.'

அவன் சொல்வது சரியாக இருந்ததுதான் தொல்லை. அவன் ஒற்றை நட்சத்திரம் போட்டால் அன்றைக்கு இருபது பேர் அதையே போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தோறும் எழுத்தாளர் வருவார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. ஒன்பது வருடம் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் எழுதியதில் வந்த கோளாறு. பலகையின் முன்னால் நின்று எல்லாக் கருத்துகளையும் படிப்பார்.

"எப்படிம்மா போகுது?"

"ஏறிடும் சார்."

அவர் தலையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கல்லூரியில் வேதியியல் படித்த மூன்று வருடமும் ஆய்வகக் குறிப்பேட்டுக்குள் வைத்து அவரைத்தான் படித்தாள் ப்ரூஃப். ஆனாலும் அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவரிடம் அவளால் பேச முடிந்ததில்லை.

பேச முடியாது, எழுத முடியும். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில், 'ஒரு வாசகி' என்ற பெயரில் கணக்கு தொடங்கி ஐந்து நட்சத்திரம் போட்டாள்.

'இந்தக் கதைக்கு ஈடே இல்லை. கடைசியில் கடைக்காரி கதவைச் சாத்திச் சாவியைக் கிணற்றில் போடுகிற இடத்தில் அழுதுவிட்டேன். மருந்து இல்லாமல் வீரர்கள் ஒவ்வொருவராகத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்களே, அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.'

மனத்திலிருந்து எழுதியதால் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அந்த இடம் முப்பதாம் அத்தியாயத்தில் இருந்தது. அவள் முப்பதையும் என்றைக்கோ திருத்தி முடித்திருந்தாள். ஊருக்கு வந்திருந்தது பத்தொன்பதுதான்.

மறுநாள் பலகையில் இடம் போதவில்லை.

'முடிவு இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?'

'காசு கொடுத்துப் படிக்கிறவன் முட்டாள், ஓசியில வாங்கினவ வாசகியா?'

சராசரி இரண்டு புள்ளி ஆறு.

"உள்ள இருக்கிற யாரோதான் வெளிய விட்டிருக்காங்க," என்று முதலாளி லேஅவுட் அண்ணனைப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பாக்குறீங்க? எழுத்து பக்கத்துல அடங்குதான்னுதான் நான் பார்ப்பேன். கதை என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"பதினேழு பாகமாவா?"

"கத்தி வரும்னு தெரியும். கத்தி வந்தா தடிச்ச எழுத்துல போடச் சொல்லுவீங்க."

முதலாளி அவளைப் பார்க்கவேயில்லை. அவள் அப்படிச் செய்வாள் என்று யாருக்கும் தோன்றாது. அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சரிசெய்ய வேண்டும். 'நடுநிலை' என்று இன்னொரு பெயரில் எழுதினாள். 'யாரும் எதையும் கசியவிடவில்லை. அந்த வாசகி ஊகித்திருக்கிறார். கவனமாகப் படிக்கும் எவரும் இந்த முடிவை ஊகிக்கலாம்.'

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 'எவரும் ஊகிக்கலாம்னா எதுக்குப் படிக்கணும்?' அதற்கு முந்நூறு பேர் கைதட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே அலுத்தவன்: 'உண்மை. நான் முதல் பக்கத்திலேயே ஊகித்துவிட்டேன். இத்தோடு விட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது.'

இரண்டு புள்ளி நான்கு.

பத்தாம் அத்தியாயத்துக்கு மேல் எந்தக் கதையையும் படித்துப் பழக்கமில்லாத முதலாளிக்கு, இந்த ரகளையில்தான் முடிவு என்ன என்று தெரியவந்தது. எழுத்தாளரை உடனே வரச்சொன்னார்.

"சார், கடையை மூடக்கூடாது."

"அவ மூடட்டுமே சார்," என்றார் எழுத்தாளர். "பதினேழு பாகமா நிக்கிறா."

"நின்னா என்ன?"

"கால் வலிக்கும்ல."

"அவளுக்குக் காலே கிடையாது சார். கவுண்டருக்கு மேலதான் வரைஞ்சிருக்கோம்."

லேஅவுட் அண்ணன் தலையை ஆட்டினார். அது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"வயசாச்சு அவளுக்கு."

"விளையாட்டு உலகத்துல யாருக்கு சார் வயசாகுது? மருந்துக்கடையை மூடிட்டா அடுத்த பாகத்துல அடிபட்டவன் எங்க போவான்? பதினெட்டாம் பாகத்துக்கு அட்டையே போட்டாச்சு." முதலாளி திரும்பினார். "ப்ரூஃப், நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லும்மா. கடை மூடணுமா, வேண்டாமா?"

எழுத்தாளர் அவளைப் பார்த்தார். அதுவரை அவளை அப்படி அவர் நேராகப் பார்த்ததில்லை. வெளியே விட்டது நான்தான் என்று சொல்லிவிடலாம். அந்த முடிவுதான் அழகு, அதை மாற்றாதீர்கள் என்று சொல்லலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடை மூடினால் தொடர் போகும், தொடர் போனால் இவருக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

"திறந்தே இருக்கட்டும் சார்," என்றாள்.

எழுத்தாளர் அடுத்த ஐந்து நாள் அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து இடது ஆள்காட்டி விரலால் கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுதினார். ஒரு சொல், ஒரு பெருமூச்சு, ஒரு சொல். புதிய முடிவில் கடைக்காரி மேலும் மூன்று கோட்டைகளில் கிளை திறந்தாள். மூன்றிலும் அவளே நின்றாள். அது எப்படி முடியும் என்று திருத்தும்போது ப்ரூஃபுக்குச் சந்தேகம் வந்தது. விளையாட்டு உலகம், முடியும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது மிச்சம் இருந்தது அலுத்தவன் மட்டும்தான்.

அவன் யாராக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். வேலையில்லாதவன். அடுத்தவன் உழைப்பைக் கெடுப்பதில் சுகம் காண்பவன். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் கிடந்துகொண்டு எழுதுகிறவன். ஒரு மனிதனை இவ்வளவு வெறுக்கத் தன்னால் முடியும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

மறுபடி 'ஒரு வாசகி' ஆனாள். அவன் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுதினாள். பச்சை மருந்தும் நீல மருந்தும் ஒன்றே என்று நிறுவினாள். மூன்றாம் பாகத்தில் கடைக்காரி மருந்தைச் சுண்ணாம்புத் தொட்டி நீரில் கலக்கினாள். ஏழாம் அத்தியாயத்தில் ஊற்று நீரில். காரம் குறைந்தால் சில சாயங்கள் நிறம் மாறும். 'எழுத்தாளர் இதைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறார். படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.'

எழுத்தாளர் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வாசகர்கள் மிரண்டுபோனார்கள்.

'யப்பா, இவ்ளோ ஆழமா இருக்கா இது?'

'நான் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தேன். அஞ்சா மாத்திட்டேன். மன்னிச்சிடுங்க சார்.'

'அலுத்தவன் அண்ணே, பதில் சொல்லுங்க பார்ப்போம்.'

அலுத்தவன் பதில் சொன்னான். 'சாயமும் இல்லை, ஆழமும் இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார். மறப்பது இயல்பு. ஒன்பது வருடம் நீண்ட காலம்.'

அவள் விடவில்லை. 'மறப்பதற்கு அவர் உங்களைப் போல் சும்மா இருப்பவர் இல்லை.'

முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கதையில் கிடைக்காத சண்டை கருத்துப் பகுதியில் கிடைத்ததும் ஊரே அங்கே வந்து உட்கார்ந்தது. காலையில் அலுத்தவன், மதியம் வாசகி, மாலையில் இரண்டு பக்கத்துக்கும் ஆள் சேர்ந்து அடி. கதையைப் படித்தவர்களைவிடச் சண்டையைப் படித்தவர்கள் அதிகம். வாசகி பக்கம் நின்றவர்கள் அவளுக்காக ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். இரண்டு புள்ளி ஏழு. இரண்டு புள்ளி ஒன்பது.

"அந்தப் பொம்பளை யாருன்னு தெரிஞ்சா சம்பளம் கொடுத்து இங்கயே வெச்சுக்குவேன்," என்றார் முதலாளி.

"வேண்டாம் சார்," என்றார் லேஅவுட் அண்ணன். "இந்த மாதிரி ஆளுங்க ஆபீஸுக்கு ஆகாது. வாயைத் திறந்தா மூடாது."

அவள் குனிந்து பென்சிலைச் சீவினாள்.

இருபத்தொன்பதாம் நாள் அலுத்தவன் கடைசியாக எழுதினான். இந்த முறை குறை எதுவும் சொல்லவில்லை. 'வாசகி அவர்களே, உங்களுக்கு என்ன வேண்டுமோ தெரியவில்லை. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். என்னால் முடியவில்லை.'

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான். பிறகு எழுதினாள். 'முடியாவிட்டால் நீங்கள் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் எழுதட்டும்.'

இரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள்.

முப்பதாம் நாள் காலை. மூன்று புள்ளி ஒன்று. முதலாளி அதைப் பலகையில் பெரிதாக எழுதி, சுற்றி வட்டம் போட்டார். லேஅவுட் அண்ணன் யாரும் கேட்காமலே அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"இன்னும் பன்னெண்டு பாகம்," என்றார் முதலாளி. "இதே சூட்டோட கையெழுத்து வாங்கிடணும். செவ்வாய்க்கிழமை அவர் ஏன் வரல? ப்ரூஃப், நீயே வீட்டுக்குப் போய்க் காகிதத்தைக் கொடுத்துட்டு வாம்மா. உன்னைப் பார்த்தா சந்தோஷப்படுவார்."

எழுத்தாளர் வீடு மூன்றாம் மாடியில். படியேறும்போது அவள் ஒரு முழு வாக்கியத்தைத் தயார் செய்தாள். 'சார், அலுத்தவனை நாம ஜெயிச்சிட்டோம்.' ஒவ்வொரு படியிலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இந்த முறை நாக்கு ஒட்டாது என்று தோன்றியது.

அவருடைய மனைவி கதவைத் திறந்தார். கையில் ஒரு வெந்நீர்ப் பை இருந்தது. முன்னறை மேசையில் கணினியின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. பக்கத்தில் மாத்திரைப் பட்டைகள், நான்கைந்து. உள்ளறைக் கட்டிலில் எழுத்தாளர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது தெரிந்தது. வலது கை தலையணை மேல் தனியாகக் கிடந்தது.

"ஆபீஸ்லேருந்தாம்மா? உள்ள வா. அவர் ரெண்டு நாளா எழுந்திருக்கல."

"உடம்புக்கு என்னம்மா?"

"கைதான். இப்போ தோள் வரைக்கும் ஏறிடுச்சு. எழுதுறதை விடச் சொல்லி டாக்டர் ஒரு வருஷமா சொல்றார். ஒப்பந்தம் இருக்கே, எப்படி விடறது? நீ சொல்லும்மா, என்ன விஷயம்?"

அவளுக்கு அந்த வாக்கியம் மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் நின்ற இடத்திலேயே, மூச்சுவிடாமல் சொன்னாள். "அலுத்தவனை நாம ஜெயிச்சிட்டோம்மா. மூணு புள்ளி ஒண்ணு. தொடர் நிக்காது. இன்னும் பன்னெண்டு பாகம்." அதோடு, வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். "அந்த வாசகி நான்தாம்மா."

அந்த அம்மாள் வெந்நீர்ப் பையை மேசையில் வைத்தார். அவள் நீட்டிய காகிதத்தை வாங்கி, முதல் பக்கத்தைப் படித்து, இரண்டாம் பக்கத்தையும் படித்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, கோபம் இல்லாமல், பாத்திரம் கழுவக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார்.

"ஏங்க, எழுந்திருங்க. அலுத்தவன்னு பேர் வெச்சுக்கிட்டு நீங்க போட்ட ஒத்த நட்சத்திரம் அத்தனையும் வீணாப் போச்சாம்."